கட் பண்ணினால் வண்டி போகலாம்

எங்கள் கம்பெனியில் டைரக்டர்கள் கூட்டம் அமாவாசை அன்றுதான் நடக்கும். லாரிகளைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்த பிறகு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு மூன்று பேரும் மாடிக்கு வருவார்கள். டைரக்டர்கள் என்றதும் கோட்டும் சூட்டுமாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். முதலாளி சென்றாயன், அவருடைய மச்சினன் தமிழ்ச்செல்வன், முதலாளியின் அக்கா கண்ணம்மாள். அவ்வளவுதான் போர்டு. இந்த மூன்று பேரிடமிருந்து ஒரே ஒரு முடிவை வாங்க நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரவேண்டாம்.

நான் கோகிலவாணி. இந்த லாரி கம்பெனியின் ஐ.டி. மேனேஜர். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற ரோட்டில் எங்கள் யார்டு இருக்கிறது. நூற்றுக்கு மேல் லாரி. பாலக்கோட்டிலும் மாரண்டஹள்ளியிலும் தக்காளி ஏற்றி, தொப்பூர் கணவாய் இறங்கி, கோயம்புத்தூர், கேரளா என்று போகும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் தூங்காமல் ஓட்டுகிறார், எந்த வண்டிக்கு எப்போது பிரேக் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொண்டுவரத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கொண்டுவந்தேன். அதற்கு நான் பட்டது தனிக்கதை, அதை விடுங்கள்.

போர்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு என்ன வேலை? எங்கே போகவேண்டும் என்று சொல்லவேண்டும். எவ்வளவு ஆபத்து வரை தாங்கலாம், அதற்கு மேல் யார் சொன்னாலும் கூடாது என்று கோடு போடவேண்டும். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். மிச்சமெல்லாம் என்னை மாதிரி சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை. இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனால் எங்கள் போர்டு எதை முடிவு பண்ணும் தெரியுமா? மவுஸ் ஒயர் வைத்ததா, ஒயர் இல்லாததா என்று ஒரு அமாவாசை முழுக்கப் பேசினார்கள். சர்வர் ரூம் ஈசானிய மூலையில் வரக்கூடாது என்று கண்ணம்மாள் அம்மா சொல்லி, கட்டிய சுவரை இடித்து, சர்வரைக் கொண்டுபோய்க் கக்கூஸ் பக்கத்தில் வைத்தார்கள். குழாய் கசிந்து என் சர்வர் நனைந்த அன்று நான் அழுதேவிட்டேன். புது சாஃப்ட்வேரை எத்தனை மணிக்கு ஆன் பண்ணவேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தார். திரையில் பச்சை எந்தப் பச்சையாக இருக்கவேண்டும் என்று தமிழ்ச்செல்வன் வாழையிலையைக் கொண்டுவந்து காட்டினார். காட்டினார் ஐயா, என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் முடிவு பண்ணவேண்டியதை மட்டும் முடிவு பண்ணமாட்டார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிரேக் சோதனை பாக்கி இருக்கிற வண்டிக்கு எங்கள் சிஸ்டத்தில் பூட்டு விழும். டிரிப் ஷீட் அச்சாகாது, கேட் திறக்காது. ஆனால் அந்தப் பூட்டைத் தாண்டிப் போக ஒரு பட்டன் இருக்கிறது. அதற்குப் பேர் 'சிறப்பு அனுமதி'. சாஃப்ட்வேர் விற்றவன் வைத்துக் கொடுத்தது. அந்தப் பட்டனை அமுக்குகிற அதிகாரம் யாருக்கு? யாருக்குமே கூடாதா? இதைத்தான் ரெண்டு வருஷமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்டேன்.

"அதுக்கென்னம்மா அவசரம், அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்" என்பார் முதலாளி.

"அதுவரைக்கும் யார்கிட்ட வைக்கறதுங்க?"

"இப்போதிக்கு கன்ட்ரோல் ரூம்ல குடுத்து வையுங்க" என்றார் தமிழ்ச்செல்வன். ஆபரேஷன்ஸ் டைரக்டர் அவர். "அந்தப் புள்ளைதான எந்நேரமும் அங்க உக்காந்துருக்குது."

இப்போதைக்கு என்று சொன்னது அப்படியே நின்றுபோனது. என் தலையெழுத்து.

கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தது அன்பரசி. மொரப்பூர்ப் பக்கத்துப் பெண், காலை ரயிலில் கிளம்பி பஸ் மாறி வருவாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள், கெட்டி, வாய்தான் கொஞ்சம் கம்மி. வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. தமிழ்ச்செல்வன் அதற்கு ஒரு இலக்கு வைத்திருந்தார். நூறு வண்டியில் தொண்ணூற்றைந்து நேரத்துக்குக் கிளம்பவேண்டும். குறைந்தால் கீழே ஆபீஸில் தொங்குகிற பெரிய டிவியில் சிவப்பாக வரும், அதற்குக் கீழே அவள் பெயரும் வரும். இலக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லை வைக்கத் தெரியவில்லை. வண்டி நின்றால் அவளுக்குத் திட்டு. வண்டி போனால் யாருக்குத் திட்டு என்று எங்கேயும் எழுதவில்லை.

பாவம், அவள் என்ன செய்வாள்? பழைய ஆட்கள் செய்ததையே செய்தாள். மிஸ்டு கால் கொடுத்தாள்.

இந்த மிஸ்டு கால் சமாச்சாரத்தைச் சொல்லவேண்டும். முதலாளி பத்துப் பன்னிரண்டு லாரி வைத்திருந்த காலத்தில், போன் பேசக் காசு போகும் என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஏதாவது சந்தேகமான வண்டி கிளம்பவேண்டும் என்றால் யார்டு ஆள் அவருக்கு ஒரு ரிங் விடுவார். அவர் எடுத்தால், வேண்டாம் என்று அர்த்தம், எடுத்துத் திட்டுவார். கட் பண்ணினால், சரி, போகச் சொல்லு என்று அர்த்தம். அப்போது அவருக்கு ஒவ்வொரு வண்டியும் சத்தத்திலேயே தெரியும். எந்த வண்டிக்காக ரிங் வருகிறது என்பதும் தெரியும். இன்றைக்கு நூறு வண்டி, பேசுவதற்குக் காசும் போவதில்லை, இருந்தாலும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. ரிங் விடு, கட் ஆனால் வண்டியை அனுப்பு. அன்பரசிக்கு முன்னால் இருந்தவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்.

இதை நான் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நேராக முதலாளியிடம் போனேன்.

"என்னங்க இது? லட்சக்கணக்குல செலவு பண்ணி சிஸ்டம் போட்டுட்டு, மிஸ்டு கால்ல வண்டி அனுப்பறோம். நீங்க கட் பண்றது ஒரு முடிவுங்களா?"

அவர் சிரித்தார். "இருபது வருஷமா ஓடுதுல்லம்மா. ஒண்ணும் ஆவல. நீ படிச்ச புள்ள, எல்லாத்தயும் பெருசா நெனைக்கற."

சென்னையில் எங்களுக்குச் சரக்கு தருகிற பெரிய கடைக்காரர்கள், போர்டுக்குப் பயிற்சி கொடுத்த சான்று வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காகப் பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். நல்ல மனுஷன், நல்ல தமிழ். பலகையில் ரெண்டு கட்டம் போட்டார். மேலே ஆளுகை, கீழே நிர்வாகம். மேலே இருப்பவர்கள் முடிவெடுத்து, திசை சொல்லி, கண்காணிக்கவேண்டும். கீழே இருப்பவர்கள் அதைத் திட்டம் போட்டு நடத்தவேண்டும். ரெண்டையும் குழப்பினால் ரெண்டும் கெடும் என்றார். எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணம்மாள் அம்மா அதற்குள் தூங்கிவிட்டார். தமிழ்ச்செல்வன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். முதலாளி மட்டும் கவனமாகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "ரெண்டு கட்டத்தயும் நம்ம கோகிலாவே பாத்துக்கட்டும், கெட்டிக்காரப் புள்ள" என்றார். வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு சான்றில் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் காளியப்பன்.

காளியப்பன் எங்கள் டிரைவர். அன்பரசியின் ஊர்க்காரர், அவளுக்கு முறையில் அண்ணன். தக்காளி லோடு ஏற்றி யார்டுக்கு வந்து, டீசல் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டிய வண்டி. பிரேக் சோதனை பாக்கி என்று திரையில் சிவப்பு. மெக்கானிக் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், வர நேரமாகும். தக்காளி வெயிலில் நிற்கிறது. டிவியில் அன்பரசியின் பெயர் ஏறிவிட்டது. அவள் முதலாளிக்கு ஒரு ரிங் விட்டாள். கட் ஆனது. பட்டனை அமுக்கினாள்.

முதலாளி அந்த நேரம் மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண வரவேற்பில் மேடையில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்ததும் எடுத்துக்கூடப் பார்க்காமல் கட் பண்ணியிருக்கிறார். எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதை ஒரு உத்தரவு என்று எடுத்துக்கொள்கிற கம்பெனியைத்தான் சொல்லவேண்டும்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. காளியப்பன் நல்ல டிரைவர். முன்னால் போன கார்களைத் தப்பவிட்டு, வண்டியை மலைப்பக்கம் மண்மேட்டில் ஏற்றிச் சாய்த்துவிட்டார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரோடு முழுக்கத் தக்காளி. கேபினுக்குள் சிக்கிய அவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போனது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து, காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் இனி லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நானும் அன்பரசியும் பார்க்கப் போனோம். வராண்டாவில் காளியப்பனின் மனைவி காசியம்மாள் உட்கார்ந்திருந்தார். அன்பரசியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கத்தவில்லை, அழவில்லை.

"பட்டனை அமுக்கினது நீதானாமா, அன்பு?"

அன்பரசி தலையை ஆட்டினாள்.

"ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியே" என்றார் காசியம்மாள். அவ்வளவுதான் சொன்னார். போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பஸ்ஸில் திரும்பி தர்மபுரி வந்து இறங்கியதும்தான் அன்பரசி வாயைத் திறந்தாள்.

"வேலை போனாப் போவட்டும்க்கா. நான்தான் அண்ணன் காலை ஒடச்சேன்னு ஊரே பேசுது. எங்கம்மா தண்ணி புடிக்கப் போறதில்ல இப்பெல்லாம். அனுப்பினது நான் இல்லன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், காசியம்மா அண்ணிகிட்ட சொன்னாப் போதும்."

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அனுப்பியவர் சொல்லவேண்டும்.

அடுத்த அமாவாசைக்குக் கூட்டம். அதற்குள் தமிழ்ச்செல்வன் அன்பரசியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, டயர் பிரிவிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து கன்ட்ரோல் ரூமில் உட்காரவைத்திருந்தார். பட்டன்? அது அந்த ஆளுக்கு வந்துவிட்டது. நாற்காலியோடு சேர்ந்து வருகிற பொருள் அது. அதை எடுத்துவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "போர்டு சொல்லாம நீங்களா எதையும் மாத்தாதீங்க மேடம்" என்றார். போர்டு சொல்லவேண்டும் என்று ரெண்டு வருஷமாகக் கத்துகிற என்னிடமே! எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்பரசியையும் விசாரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். தொன்னை, பொங்கல், ஃபேன் சத்தம். இந்த அறையிலும் தமிழ்ச்செல்வன் ஆசைப்பட்டு ஒரு டிவி மாட்டியிருந்தார். வண்டிகளின் பட்டியல் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"மொத விஷயம்" என்று ஆரம்பித்தார் தமிழ்ச்செல்வன். "அந்தப் பொண்ணை அனுப்பிடலாம் மாமா. அவ லாகின்லதான் அமுக்கியிருக்குது. இன்சூரன்ஸ்காரன் கேட்டா நடவடிக்கை எடுத்தோம்னு காட்டணும்ல."

"அவளா அமுக்கலீங்க" என்றேன். "முதலாளிக்கு ரிங் விட்டா. கட் ஆச்சு. கட் ஆனா போகலாம்ங்கறது இந்தக் கம்பெனியோட சட்டம்."

"எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?" என்றார் தமிழ்ச்செல்வன்.

"அதத்தான நானும் ரெண்டு வருஷமாக் கேக்கறேன், எழுதுங்கன்னு! இலக்கு மட்டும் டிவியில போட்டீங்க. எல்லையைப் போடுங்கன்னா மவுஸைப் பத்திப் பேசினீங்க!"

என் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணம்மாள் அம்மா தூக்கம் கலைந்து, "ஏன் கோகிலா சத்தம் போடற, பொங்கல் சாப்பிட்டியா?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதலாளி தொன்னையைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். காளியப்பனின் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிகொடுக்கமாட்டார்.

"இங்க பாரும்மா" என்றார். "காளியப்பன் எனக்குப் புள்ள மாதிரி. அவன் வண்டிய நான் அனுப்புவனா? அந்தப் புள்ள எதையோ நெனச்சுக்கிட்டுது. நான் எப்ப போகச் சொன்னேன், சொல்லு? கல்யாணத்துல நிக்கறேன், போன் வருது, கட் பண்றேன். கட் பண்ணா கட் பண்ணதுதான். அதுக்கு நான் என்னத்த…"

மேஜையில் இருந்த அவருடைய போன் அடித்தது. பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை நீட்டிக் கட் பண்ணினார்.

"…அதுக்கு நான் என்னத்தப் பண்றது? எவனோ அதுக்கு ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டா, அது என் தப்பா?"

"யாருங்க போன்ல?" என்று கேட்டேன்.

"கன்ட்ரோல் ரூம்தான். மீட்டிங் நடக்குதுன்னு தெரியாது, எப்பப் பாத்தாலும்…"

அங்கேயே அவர் வாய் நின்றுவிட்டது.

நான் டிவியைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பட்டியலில் ஒரு வண்டி சிவப்பில் இருந்தது. பிரேக் சோதனை பாக்கி. மெக்கானிக்குகள் எல்லோரும் கீழே பூஜைப் பொங்கலில் இருந்தார்கள். எங்கள் கண்ணெதிரே அந்தச் சிவப்பு வரி பச்சையானது. சிறப்பு அனுமதி. கேட் திறக்கிறது.

அது அழகான வாழையிலைப் பச்சை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி எழுந்து ஓடினார். அறுபது வயசைத் தாண்டியவர், சர்க்கரை வியாதிக்காரர், பூஜைக்காகச் செருப்பில்லாமல் இருந்தவர். மாடிப்படியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துடா, டேய், நிறுத்துடா" என்று கத்திக்கொண்டே இறங்கினார். நாங்கள் பால்கனிக்கு ஓடினோம். வண்டி கேட்டைத் தாண்டி மூக்கை ரோட்டில் நீட்டிவிட்டது. அவர் போய் அதற்கு முன்னால் ரெண்டு கையையும் விரித்து நின்றார். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை, நின்றுவிட்டது.

"எவன்டா உன்னைப் போகச் சொன்னது?" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். பால்கனி வரை கேட்டது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார்.

கேட்டில் நின்றவர்கள், பொங்கல் தொன்னையோடு நின்ற மெக்கானிக்குகள், எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கையைக் கீழே போட்டார். டிரைவரைத் திட்டவில்லை. வண்டியின் முகப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாகத் திரும்பி நடந்தார்.

மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தார். பாதத்தில் கல் குத்தி ரத்தம் வந்திருந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

"கோகிலா."

"சொல்லுங்க."

"பிரேக் பாக்காத வண்டி போவக்கூடாது. யார் சொன்னாலும் போவக்கூடாது."

"நீங்க சொன்னா?"

"நானே சொன்னாலும் போவக்கூடாது."

"மாமா, ஒரு நிமிஷம்" என்றார் தமிழ்ச்செல்வன். "அப்படின்னா நேரத்துக்குக் கிளம்பற கணக்கு அடிவாங்கும். இலக்கு…"

"எலக்கு கெடக்குது, நீ சும்மா இரு மாப்ள."

"அப்ப அந்தப் பட்டனை எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துடு."

லேப்டாப் மடியிலேயே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எடுத்தேன். தமிழ்ச்செல்வன் அடுத்த வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை அது. அதைச் செய் என்று சொல்லத்தான் இவர்களுக்கு ரெண்டு வருஷமும் ஒரு மனுஷனின் காலும் தேவைப்பட்டது.

"அந்தப் புள்ளையக் கூப்புடு" என்றார் முதலாளி.

அன்பரசி உள்ளே வந்து கதவுப் பக்கத்திலேயே நின்றாள். வெளியே பெஞ்சிலிருந்து அவளும் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"நாளைலருந்து வேலைக்கு வாம்மா" என்றார். "ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

அவள் நகரவில்லை. நன்றி சொல்லவும் இல்லை.

"என்னம்மா? அதான் வரச் சொல்லிட்டேனே."

"வேலைக்கு வர்றதப் பத்தி இல்லீங்க" என்றாள். "அன்னைக்கு வண்டிய அனுப்பினது யாருன்னு காசியம்மா அண்ணி கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

கண்ணம்மாள் அம்மா முழுசாக விழித்திருந்தார். நான் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மறுபடி அடுத்த அமாவாசை என்று சொன்னால் லேப்டாப்பை அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். சத்தியமாகப் போயிருப்பேன்.

"நான்தான் அனுப்பினேன்னு சொல்லு" என்றார் கடைசியில்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. வேலையக் காப்பாத்திக்கப் பழிய உங்க மேல போடறேன்னுதான் நெனைப்பாங்க." அவள் தன் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜையில் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். "நீங்களே சொல்லிடுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தப் போனையே பார்த்தார். அவருடைய கட்டைவிரல் திரைமேல் போய் நின்றது. சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது.

"அலோ, யாரு, அன்பா?" என்றது காசியம்மாள் குரல்.

முதலாளி விரலை எடுத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

"அன்பு இல்லம்மா, சென்றாயன் பேசறேன்" என்றார். "அன்னிக்குக் காளியப்பன் வண்டிய அனுப்பினது நான்தாம்மா."